ஆணி அடிக்கத்தான் ஓனர் அனுமதி வேண்டும், கிரைண்டர் வைக்க வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் காரம் கொஞ்சம் தூக்கல். காலேஜ் லேப் நிர்வாகிகள் யாராவது படித்தால், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டவும் :-)

பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர் வீடுகளில், பெங்களூரானாலும் சரி சிங்கப்பூரானாலும் சரி, ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது. "லேப் சிஸ்டத்துல அட்மின் பாஸ்வேர்டு இல்லப்பா, அதனால சாஃப்ட்வேர் போட முடியல." அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸோ, மேக்கோ, வேறு யூனிக்ஸ் வகையறாவோ என்றால் இந்த வாக்கியம் முக்கால்வாசி பொய். பொய் சொல்வது பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்களோடுதான் இன்றைக்கு என் சண்டை. மீதிக் கால்வாசி உண்மை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"நீ பி.காம். படிச்ச பேங்க்காரன், உனக்கு எதுக்குய்யா யூனிக்ஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் பொட்டி தட்டுகிறவன் இல்லை. ஆனால் கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் வங்கிக் கிளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல கிளைகளில் ஒரு சர்வர், அதில் எஸ்.சி.ஓ. யூனிக்ஸ், கவுண்டருக்குக் கவுண்டர் ஒரு டெர்மினல், மூலையில் கீச்கீச்சென்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் பலர் லினக்ஸைத் தொடுவதற்கு முன்னாலேயே கேஷியர்களும் கிளார்க்குகளும் யூனிக்ஸில் லாகின் செய்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கிளையில் ரூட் பாஸ்வேர்டு ஒரு உறைக்குள் இருக்கும். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, இரட்டைச் சாவிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். எடுத்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், ஏன் எடுத்தோம் என்று காரணம் எழுத வேண்டும், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை போட வேண்டும். ஆக, ரூட்டின் மரியாதை தெரியாதவன் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மரியாதை தெரிந்ததால்தான் கோபம் வருகிறது.

வாடகை வீடு

பெங்களூரில் வீடு பிடித்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் ஓனரம்மா சொல்லும் முதல் வார்த்தை, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது". சரி, சுவர் அவருடையது. மோட்டாரைத் தொடக் கூடாது, மெயின் ஸ்விட்சைத் தொடக் கூடாது, மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைத் திறக்கக் கூடாது. அதுவும் சரி, மேலேயும் கீழேயும் இன்னும் நாலு குடும்பம் இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை சமையலறையில் வைக்க ஓனரிடம் யாராவது மனு கொடுப்போமா? பீரோவை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கேட்போமா?

யூனிக்ஸ் கட்டப்பட்டதே இப்படிப் பல குடித்தனக்காரர்கள் உள்ள வீடாகத்தான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அதை ஆரம்பித்த காலத்தில் ஆளுக்கொரு கணினி என்பதே கிடையாது. ஒரே இயந்திரத்தில் பல பேர் வேலை செய்ய வேண்டும், ஒருவர் செய்வது இன்னொருவரைக் கெடுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு 'ஹோம்' கோப்புறை. கட்டடம் ரூட்டுடையது, ஹோம் உங்களுடையது. அங்கே எதை எழுதலாம், எதை ஓட்டலாம், எதை அழிக்கலாம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். இன்றைக்கு 'யு.எஸ்.ஆர்.' என்று கணினியின் பொது மென்பொருள்கள் குடியிருக்கும் கோப்புறை இருக்கிறதே, ஆரம்பகால யூனிக்ஸில் பயனர்களின் ஹோம்கள் இருந்த இடமே அதுதான். பெயரே அப்படி வந்ததுதான்.

அதாவது ஹோமுக்குள் மென்பொருள் வைத்துக்கொள்வது திருட்டுவேலையோ குறுக்குவழியோ இல்லை. கட்டினவர்கள் கொடுத்த உரிமை. இதை மறந்துவிட்டு (அல்லது மறைத்துவிட்டு) மூன்று கோஷ்டிகள் நம் பிள்ளைகளைக் குழப்பிக்கொண்டிருக்கின்றன.

முதல் கோஷ்டி: "ஆகல்லா சார்"

என் மகள் படிக்கும் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது அவள் குழுவின் புராஜெக்ட். நல்ல புராஜெக்ட், மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு டெஸரேக்ட் என்ற இலவச மென்பொருள். எச்.பி. நிறுவனம் உருவாக்கி 2005-ல் மூலநிரலோடு வெளியிட்டது, பிறகு பல வருடம் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. லேப் கணினியில் உபுண்டு, அதில் டெஸரேக்ட் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் மட்டும்தான் படிக்கும், தமிழுக்கான தரவுக் கோப்பு இல்லை. தமிழ் எழுத்துருவும் இல்லாததால் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது.

பிள்ளைகள் லேப் பொறுப்பாளரிடம் போனார்கள். லெட்டர் எழுதிக் கொடு என்றார். கொடுத்தார்கள். துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார். வாங்கினார்கள். அட்மின் லீவு. அட்மின் வந்தார், ஆடிட் நடக்கிறது. ஆடிட் முடிந்தது, "ஆகல்லா" என்று பதில் வந்தது. மூன்று வாரம் போய்விட்டது. வீட்டு லேப்டாப்பில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: குழுவில் நாலு பேர், இரண்டு பேரிடம் லேப்டாப்பே இல்லை. அதோடு மாடலைப் பயிற்றுவிக்கும் அளவு திறன் லேப் கணினியில்தான் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தானே ஃபீஸ் கட்டுகிறோம்?

இதற்கு அட்மின் பாஸ்வேர்டு தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. டெஸரேக்ட்டின் தமிழ் என்பது ஒரே ஒரு தரவுக் கோப்பு. அதை இறக்கி ஹோமுக்குள் ஒரு கோப்புறையில் போட்டுவிட்டு, "தரவு இந்த இடத்தில் இருக்கிறது" என்று கட்டளையிலேயே டெஸரேக்ட்டுக்குச் சொல்லலாம், அதற்கென்றே விருப்பம் இருக்கிறது. எழுத்துருவும் அப்படித்தான். ஹோமுக்குள் '.லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று கோப்புறை போட்டு நோட்டோவோ லோகித்தோ ஒரு தமிழ் எழுத்துருவை வைத்தால் போதும், கட்டம் போய் எழுத்து வந்துவிடும். மேக் என்றால் ஹோமுக்குள் 'லைப்ரரி', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்'. ஒரு சீனியர் மாணவி சொல்லிக்கொடுக்க, மூன்று வாரமாக நடக்காத காரியம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய வலி உண்டு. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, ஊர்ச் செய்தி படிக்கத் தமிழ்த் தளத்தைத் திறந்தால் கிறுக்கல் கிறுக்கலாக வரும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை நிறுவக் கடைக்காரர் விடமாட்டார். அப்புறம் யூனிகோடு வந்து அந்தச் சனியன் ஒழிந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ் எழுத்தைத் திரையில் பார்க்க மூன்று கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் எனக்குக் கோபம் வராதா?

கதை அங்கே முடியவில்லை. "அனுமதி இல்லாமல் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்தது தவறு" என்று இரண்டு நாள் அவர்கள் கணக்கை முடக்கினார்கள். நான் நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எந்த விதிப்படி? எங்கள் தொழிலில் எதற்கும் ஒரு சர்க்குலர் இருக்கும், எண் இருக்கும், தேதி இருக்கும். அங்கே எதுவும் இல்லை. "எல்லாருக்கும் வாயால சொல்லியிருக்கோம் சார்." வாயால் சொன்னதை மீறினால் தண்டனை, ஆனால் எழுத்தில் கேட்ட கோரிக்கைக்கு மூன்று வாரம் பதில் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

செய்யக்கூடியது என்னென்ன

வெறும் சண்டை போட்டுவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகளிடம் காட்டுங்கள், அவர்களுக்குப் புரியும். பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளட்டும்.

1. மூலநிரலாகக் கிடைக்கும் மென்பொருள். 'கன்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்று படி. மூன்றாவது படிக்கு 'சூடோ' போடச் சொல்வார்கள், ஏனென்றால் பொருள் பொது இடத்துக்குப் போகிறது. முதல் படியிலேயே 'ப்ரிஃபிக்ஸ்' என்ற விருப்பத்தில் ஹோமுக்குள் ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் எல்லாம் அங்கேயே இறங்கும். சூடோவுக்கு வேலையே இல்லை.

2. இறங்கினதைக் கணினி கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்கு 'பாத்' என்று ஒரு பட்டியல், நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று. உபுண்டுவிலும் டெபியனிலும் ஹோமில் '.லோக்கல்', அதற்குள் 'பின்' என்ற கோப்புறை இருந்தால் அடுத்த லாகினில் அது தானாகவே பட்டியலில் சேரும். மற்றவற்றில் ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும்.

3. பைதான். இன்றைக்குப் பாதிப் பிள்ளைகளின் புராஜெக்ட் இதில்தான். 2012-ல் வந்த பைதான் 3.3 முதல் 'வென்வ்' என்ற வசதி கூடவே வருகிறது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஹோமில் தனி அறை, அதற்குள் வேண்டிய நூலகங்கள். ஒரு புராஜெக்டின் சாமான் இன்னொன்றில் கலக்காது. வென்வ் அரைகுறையாக இருக்கும் கணினியில் மினிஃபோர்ஜ் போடலாம். அது பைதானையும் சேர்த்து ஹோமுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கும்.

4. தயார்நிலையில் கிடைப்பவை. ஃபயர்ஃபாக்ஸின் லினக்ஸ் சுருக்கக் கோப்பை ஹோமில் விரித்து நேரே ஓட்டலாம். லிப்ரே ஆஃபீஸ் 'ஆப்இமேஜ்' வடிவில் ஒற்றைக் கோப்பாகவே கிடைக்கிறது. 'இயக்கலாம்' என்று அந்தக் கோப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டுத் திறக்க வேண்டியதுதான். மேக்கில் ஹோமுக்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு கோப்புறை போட்டுப் பல செயலிகளை அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

5. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான், அதிலும் உங்களுக்கு ரூட் கிடையாது. ஆனாலும் தினம் ஒரு செயலி போடுகிறீர்களே, எப்படி? ஒவ்வொரு செயலியும் தனித்தனிக் குடித்தனக்காரராக அதனதன் அறையில் இருக்கிறது, அதனால்தான். எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கும் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் போனிலேயே பைதான், சி கம்பைலர் எல்லாம் ரூட் இல்லாமல் ஓடும். லேப்டாப் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

மீதிக் கால்வாசி

ரூட் இல்லாமல் முடியாதவை உண்டு. பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றின் டிரைவர், கெர்னலின் பாகங்கள், கணினி தொடங்கும்போதே எல்லாருக்கும் ஓட வேண்டிய சேவைகள், 1024-க்குக் கீழே எண் கொண்ட நெட்வொர்க் போர்ட்டுகள். இவை மோட்டாரும் மெயின் ஸ்விட்சும் மாதிரி. ஓனரிடம்தான் கேட்க வேண்டும். 'நிக்ஸ்', லினக்ஸுக்கான 'ஹோம்ப்ரூ' போன்ற பொதி மேலாளர்கள் நன்றாக இருக்கும், ஆனால் வழக்கமான முறையில் நிறுவ முதல் தடவை அட்மின் தயவு வேண்டும். இன்னொரு தொல்லை, ஒரு மென்பொருளுக்கு வேறு பத்து நூலகங்கள் தேவைப்படும், அந்தப் பத்துக்கும் இன்னும் இருபது. ஹோமில் ஒவ்வொன்றாகக் கட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதனால்தான் மினிஃபோர்ஜ் மாதிரி மூட்டையாகக் கொண்டுவருபவற்றை முதலில் முயலச் சொல்கிறேன்.

இரண்டாம் கோஷ்டி: "சூடோ போடு, முடிஞ்சது"

இவர்கள் நம் அபார்ட்மெண்டிலேயே இருக்கிறார்கள். பெரிய கம்பெனியில் பெரிய வேலை. பிள்ளை ஏதாவது கேட்டால், "முன்னாடி சூடோ சேர்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிடுவார்கள். வீட்டுக் கணினியில் பத்து வயதுப் பையனுக்கும் சூடோ உரிமை. இணையத்தில் எவனோ எழுதின ஸ்கிரிப்டை இறக்கிய வேகத்தில் ரூட்டாகவே ஓட்டுவது. இது வாடகைக்கு வந்தவன் கடப்பாரையோடு வந்து இறங்குவது மாதிரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சூடோ போட்டு பைதான் நூலகங்களைக் கணினியின் பொது இடத்தில் கொட்டுவது ரொம்ப நாள் பழக்கம். கணினியே தன் வேலைக்கு பைதானைப் பயன்படுத்துகிறது, அதன் நூலகத்தை நாம் மாற்றினால் கணினி முடங்கலாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இதைத் தடுத்தேவிட்டார்கள். 'பிப்' கொண்டு பொது இடத்தில் நிறுவப் போனால், தனி அறை போட்டுக்கொள் என்று திருப்பி அனுப்பும். நம் ஆட்கள் அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்துப் பரப்புகிறார்கள், 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள் என்று. சிஸ்டத்தை உடைப்பேன் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது, அதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே!

வங்கியில் வவுச்சர் எழுதுபவரே அதைப் பாஸ் செய்யக் கூடாது. அவர் திருடர் என்பதால் இல்லை, மனிதர் என்பதால். கை தவறும், கண் தவறும். ஹோமுக்குள் நிறுவினால் கை தவறினாலும் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் அறையோடு நிற்கும், அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். ரூட்டாகச் செய்தால் கட்டடத்துக்கே சேதம். போனை ரூட் செய்துவிட்டு, பேங்க் ஆப் வேலை செய்யவில்லை என்று கிளைக்கு வந்து சண்டை போடுகிறவர்களும் இந்தக் கோஷ்டிதான். பல வங்கிச் செயலிகள் ரூட் செய்த போனில் ஓட மறுக்கும். பாதுகாப்புக்காகத்தான்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது, ரூட் கேட்டு நிற்காதே. கொடுத்தாலும் உன் சாமானை ஹோமில் வை.

மூன்றாம் கோஷ்டி: "எல்லாத்தையும் பூட்டு"

இவர்கள்தான் ஆபத்தானவர்கள், ஏனென்றால் அதிகாரம் இவர்கள் கையில். ஹோமுக்குள்ளும் எதையும் இயக்க முடியாதபடி 'நோ-எக்ஸெக்' என்று பூட்டுவார்கள். இதில் ஒரு தமாஷ், அப்படிப் பூட்டினாலும் கணினியில் உள்ள பைதானைக் கொண்டு ஹோமில் உள்ள பைதான் நிரலை ஓட்டலாம். கெட்ட எண்ணம் உள்ளவன் அந்த வழியில் போய்விடுவான். ஒழுங்காகப் படிக்க வந்த பிள்ளைதான் வெளியே நிற்கும்.

வங்கி லாக்கரைப் பாருங்கள். ஸ்ட்ராங் ரூம் எங்களுடையது. லாக்கரைத் திறக்க எங்கள் சாவியும் வேண்டும், உங்கள் சாவியும் வேண்டும். சட்டவிரோதமான பொருளோ ஆபத்தான பொருளோ வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம். உள்ளே நீங்கள் அட்டிகை வைத்தீர்களா, அப்பாவின் பழைய கடிதம் வைத்தீர்களா என்று கேட்க மாட்டோம். அதே சமயம் எங்கள் பொறுப்பையும் தட்டிக்கழிக்க முடியாது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் நஷ்டமானால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி கொடுக்க வேண்டும். அறை உங்களுடையது, கட்டடத்தின் காவல் எங்களுடையது, எது கூடாது என்பது எழுத்தில். காசையும் நகையையும் காக்கிற இடத்திலேயே இது முடிகிறதென்றால் காலேஜ் லேபில் முடியாதா?

"சார், பெரிய சிஸ்டம், பல பேர் பயன்படுத்துறது, ரிஸ்க் எடுக்க முடியாது" என்று பதில் வரும். அப்படியா? இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் 'பரம் பிரவேகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் உதவியோடு 2022-ல் நிறுவியது, திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ். இந்த மாதிரி இயந்திரங்களில் ஆராய்ச்சி மாணவருக்கு ரூட் கொடுக்க மாட்டார்கள், பேராசிரியருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் தன் ஆராய்ச்சிக்கு வேண்டிய மென்பொருளைத் தன் ஹோமில் கட்டிக்கொள்வது அங்கே அன்றாட வேலை. இதற்காகவே அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 'ஸ்பேக்' என்று ஒரு பொதி மேலாளரை உருவாக்கினார்கள், ரூட் இல்லாத பயனர் தன் கோப்புறைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான மென்பொருள்களில் வேண்டியதைக் கட்டிக்கொள்ள. கோடிக்கணக்கில் செலவழித்த இயந்திரத்தில் கூடுமாம், முப்பது பழைய டெஸ்க்டாப் உள்ள லேபில் கூடாதாம்!

"நாங்க போடுறது பாதுகாப்பு, பசங்க போடுறது ஆபத்து" என்றும் சொல்வார்கள். அட்மின் வழியாக வருவதெல்லாம் கங்காஜலம் இல்லை. 2024 மார்ச்சில் 'எக்ஸ்-இஸட்' என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது வெளிப்பட்டது. சில லினக்ஸ் வெளியீடுகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது அதிகாரபூர்வமான வழியிலேயே நுழைந்தும் விட்டது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர். லாகின் செய்ய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே, ஏன் என்று துருவிப் பார்த்ததில் அகப்பட்டது. கவனமும் கேள்வி கேட்கும் பழக்கமும்தான் காப்பாற்றின. அந்தப் பழக்கத்தைத்தான் நம் கல்லூரிகள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குகின்றன.

குடித்தனக்காரரின் கடமை

உரிமை பேசினால் கடமையும் பேச வேண்டும். ரூட் இல்லாமல் போட்டால் எந்த ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கோப்புகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இருப்பதே ஹோமில்தான். ஒரு கெட்ட மென்பொருள் உள்ளே வந்தால், ரூட் இல்லாமலே அவற்றை அள்ளிக்கொண்டு போகும். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், பணம் போவது பெரும்பாலும் கட்டடச் சுவரை உடைத்து இல்லை, நாமே திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான். அதனால் மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அவர்கள் 'ஷா-256' சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கேஷ் எண்ணாமல் கையெழுத்துப் போடுவோமா?

பொது இடத்தில் உள்ளதை அட்மின் புதுப்பிப்பார். ஹோமில் உள்ளதை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். வேண்டாததை அழிக்க வேண்டும், இடம் எல்லாருக்கும் பொது. இரவு பதினோரு மணிக்கு கிரைண்டர் போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் இல்லையா, அது மாதிரி பொதுக் கணினியில் பெரிய வேலையை ஓட்டும்போது மற்றவர்களையும் நினைக்க வேண்டும். அதற்கு யூனிக்ஸில் 'நைஸ்' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் சேர்த்து ஓட்டினால் நம் வேலை மற்றவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகப் போகும். கூடாது என்று எழுதப்பட்ட விதி இருந்தால், அது தப்பான விதியாகவே இருந்தாலும், மீறாமல் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

அட்மிஷன் சமயத்தில் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, பிளேஸ்மெண்ட் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வெளியூரில் இருக்கிறோம், சிபாரிசுக்கு ஆள் கிடையாது, அதனால் ஒன்றுக்குப் பத்து தடவை கேட்கிறோம். அதோடு லேபைப் பற்றி மூன்று கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மாணவர் தன் ஹோம் கோப்புறைக்குள் மென்பொருள் நிறுவலாமா கூடாதா என்பது எழுத்தில் இருக்கிறதா? இரண்டு, ஒவ்வொரு மாணவருக்கும் ஹோமில் எவ்வளவு இடம், அது செமஸ்டர் முழுக்க அழியாமல் இருக்குமா? மூன்று, ரூட் இல்லாமல் முடியாத கோரிக்கைக்கு எத்தனை நாளில் பதில், யார் பொறுப்பு?

மூன்றுக்கும் பைசா செலவில்லை. புதுக் கணினி வாங்க வேண்டாம், லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஒரு பக்கத் தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். நான் மகளின் கல்லூரியில் பெற்றோர் கூட்டத்தில் இதை எழுதியே கொடுத்துவிட்டேன், ரசீதும் வாங்கிவிட்டேன் (தொழில் புத்தி!). இதுவரை பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன். நீங்கள் உங்கள் பிள்ளையின் கல்லூரியில் கேளுங்கள். ஒரு அப்பன் கேட்டால் தொல்லை பிடித்தவன் என்பார்கள், இருபது பேர் கேட்டால் சர்க்குலர் வரும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு ஆபீஸ் கணினியில், அதுவும் வங்கி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் முயன்று பார்க்க வேண்டாம். அங்கே உங்களுக்குக் கொடுத்திருப்பது வீடு இல்லை, டியூட்டி ரூம். விதிகள் எழுத்தில் இருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வேலை போனால் நான் பொறுப்பில்லை :-)